பிறேக் விளக்கும் பிறேக்கின்றித் தணியும் வேகமும்: ஒரு வரலாற்று நோக்கு

வீதியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் இரு வாகனங்களின் சாரதிகள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஒருவர் முகத்தை மற்றவர் காண்பதில்லை. ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்பதில்லை. எனினும், முன்னே செல்பவர் தமது வேகத்தைக் குறைக்கும்போது பின்னே வருபவர் அதனை உடனடியாக அறிந்துகொள்ளாவிடின் இருவருக்கும் ஆபத்து நேரிடும். இவ்வறிவித்தலுக்காக மோட்டார் யுகம் ஏற்படுத்திக்கொண்ட கருவியே வாகனத்தின் பின்புறத்தில் எரியும் சிவப்பு விளக்காகும். உலகெங்கும், மொழி வேறுபாடு எதுவுமின்றி, ஒரே பொருளில் விளங்கிக்கொள்ளப்படும் குறியீடுகள் மிகச் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்று.

ஆனால் இவ்விளக்கு கூறும் செய்திதான் யாது? வாகனத்தின் வேகம் தணிகின்றது என்பதே அதன் பொருளெனப் பின்னே வருபவர் கொள்கின்றார். உண்மையில், அது தோன்றிய நாள்முதல் பெரும்பாலான வாகனங்களிற் கூறிவந்த செய்தி வேறு. சாரதியின் கால் பிறேக் மிதியின்மேல் உள்ளது என்பது மட்டுமே அச்செய்தி. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாக நிகழ்வதால் அவற்றிடையேயுள்ள வேறுபாடு கவனிக்கப்படாமற் போயிற்று. எனினும் வேகத்தைத் தணிப்பதற்குப் பிறேக் ஒன்றே வழியன்று. ஆர்முடுக்கி மிதியிலிருந்து காலை எடுத்தாலே இயந்திரத்தின் தடையால் வாகனம் வேகந் தணியும். தாழ்ந்த கியருக்கு மாற்றின் மேலும் தணியும். கனரக வாகனங்களில் இதற்கெனத் தனிச் சாதனங்களும் உள்ளன. இவ்வேளைகளிலெல்லாம் பின்விளக்கு பேச வேண்டுமா, மௌனமாக இருக்க வேண்டுமா என்னும் வினா ஏறத்தாழ நூறாண்டு வரலாற்றையுடையது. அவ்வரலாற்றை ஆராய்வது, ஒரு தொழினுட்பம் தன் தொடக்கத்திற் செய்துகொண்ட எளிய வசதி பிற்காலச் சட்டத்தையும் மனித உயிரையும் எவ்வாறு பாதிக்கின்றது என்பதை அறிந்துகொள்ளத் துணைபுரியும்.

கைச்சைகையிலிருந்து விளக்குக்கு

மோட்டார் வாகனத்தின் தொடக்க காலத்தில் வேகத்தணிவை அறிவிக்கும் கருவி சாரதியின் கையே. இடப்பக்கமாக வாகனஞ் செலுத்தும் நாடுகளில், வலக்கையை வெளியே நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்க மேலும் கீழும் மெதுவாக அசைத்தல் "வேகத்தைக் குறைக்கப் போகின்றேன்" என்பதற்கான சைகையாக அமைந்தது. பிரித்தானியாவில் 1931ஆம் ஆண்டு முதன்முதலாக வெளியிடப்பட்ட நெடுஞ்சாலை விதிக்கோவையிலும் கைச்சைகைகள் முக்கிய இடம் பெற்றன. இலங்கையிலும் இச்சைகைகளைப் பழைய தலைமுறைச் சாரதிகள் நன்கறிவர்.

இச்சைகையின் இயல்பு ஊன்றி நோக்கத்தக்கது. அது சாரதியின் எண்ணத்தை அறிவித்தது. பிறேக்கை அழுத்தியோ, கியரை மாற்றியோ, வாகனத்தைத் தானாகத் தளரவிட்டோ, எவ்வழியில் வேகத்தைக் குறைப்பினும் சைகை ஒன்றே. மேலும் அது செயலுக்கு முன்னரே காட்டப்பட்டது. பின்னே வருபவருக்குத் தேவையான செய்தியும் அதுவே. ஆயினும் கைச்சைகைக்குக் குறைகள் பல இருந்தன. இருளிலும் மழையிலும் அது புலப்படாது. மூடிய கார்கள் பரவியபோது கண்ணாடியை இறக்க வேண்டியதாயிற்று. அவசர வேளையில் இரு கைகளும் திசைமாற்றிச் சில்லிலேயே இருக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றிற்கும் மேலாக, சைகை காட்ட மறக்கும் சாரதிகள் என்றும் உளர்.

மனிதனின் மறதிக்கு இடமளிக்காத பொறியொன்று தேவைப்பட்டது. மௌனப்படக் காலத்தின் புகழ்பெற்ற நடிகையான புளோரன்ஸ் லோரன்ஸ் 1914ஆம் ஆண்டளவில் இத்தகைய பொறியொன்றை அமைத்தாரெனக் கூறப்படுகின்றது. பிறேக் மிதியை அழுத்தியதும் காரின் பின்புறத்தில் "நில்" என்னும் பொருளுடைய பலகையொன்று எழுந்து நிற்கும். இதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. இதனையொத்த முயற்சிகள் அக்காலத்திற் பலராலும் மேற்கொள்ளப்பட்டன. பலகையின் இடத்தை மின்விளக்கு விரைவிற் பிடித்துக்கொண்டது.

இம்மாற்றத்தில் ஒரு பெரும் வசதியும் ஒரு சிறு இழப்பும் ஒருங்கே நேர்ந்தன. விளக்கை இயக்கும் ஆளி பிறேக் மிதியோடு, அல்லது பிறேக் எண்ணெயின் அமுக்கத்தோடு இணைக்கப்பட்டது. செலவு குறைந்த, எளிதிற் பழுதடையாத ஏற்பாடு அது. சாரதி மறந்தாலும் விளக்கு மறவாது. ஆனால் அறிவிக்கப்படும் செய்தி சாரதியின் எண்ணத்திலிருந்து அவரது காலின் ஒரு குறித்த அசைவுக்குச் சுருங்கிற்று. பெரும்பாலான வாகனங்களில் கைப்பிறேக்கை இழுத்து வாகனத்தை நிறுத்தினாலுங்கூட விளக்கு எரிவதில்லை என்பது இதனைத் தெளிவாக்கும்.

பின்னர் வந்த சட்டங்கள் இவ்வேற்பாட்டையே சொற்களில் வடித்தன. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா வீதிப் போக்குவரத்துச் சமவாயம், வாகனத்தின் பிரதான பிறேக்கை இயக்கும்போது எரியும் நிறுத்த விளக்கை வேண்டிற்று. 1968ஆம் ஆண்டின் வியன்னாச் சமவாயம், சாரதி பிரதான பிறேக்கை இயக்குகின்றார் என்பதைப் பின்னே வருவோருக்கு உணர்த்தும் விளக்கே நிறுத்த விளக்கு என வரைவிலக்கணம் கூறிற்று. வேகத்தணிவு என்னும் சொல் அவ்வரைவிலக்கணத்தில் இடம்பெறவில்லை. பொறியியலாளர் தம் வசதிக்காக மிதியிற் பொருத்திய ஆளி இவ்வாறு சர்வதேசச் சட்டத்தின் வரைவிலக்கணமாயிற்று.

மலைச்சரிவு கற்பித்த பாடம்

சமதரையிற் பிறேக் போதுமானது; நீண்ட மலைச்சரிவில் அது போதாது. பிறேக் செய்வது வாகனத்தின் சக்தியை உராய்வினால் வெப்பமாக்குவதேயாகும். 10 தொன் நிறையுள்ள லொறியொன்று 300 மீற்றர் உயரத்திலிருந்து சீரான வேகத்தில் இறங்குவதாகக் கொண்டால், வெளியேற்றப்பட வேண்டிய சக்தி ஏறத்தாழ 2 கோடியே 94 இலட்சம் யூல் ஆகும். 85 லீற்றருக்கு மேற்பட்ட நீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இச்சக்தி போதும். இவ்வளவு வெப்பத்தையும் பிறேக்குகளே ஏற்க நேரின் அவை அளவு மீறிச் சூடேறித் தம் பிடிப்பை இழந்துவிடும். எந்தக் கியரில் மலையேறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்னும் பழைய சாரதிகளின் அறிவுரைக்குக் காரணம் இதுவே. கடுகண்ணாவைச் சரிவிலும் மலைநாட்டின் ஏனைய வீதிகளிலும் லொறிகளும் பஸ் வண்டிகளும் தாழ்ந்த கியரில் முனகிக்கொண்டு இறங்குவது இத்தத்துவத்தின் வழியேயாகும்.

இவ்வகையில் வரலாற்றுச் சிறப்புடைய நிகழ்ச்சியொன்று 1931ஆம் ஆண்டிற் கலிபோர்ணியாவிலுள்ள கஹோன் கணவாயில் நிகழ்ந்தது. 1919இல் இந்தியானா மாநிலத்திற் டீசல் இயந்திரத் தொழிற்சாலையை நிறுவியவரான கிளெசி கமின்ஸ், தமது இயந்திரம் பொருத்திய லொறியொன்றில் அமெரிக்காவைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்துகொண்டிருந்தார். கணவாயின் சரிவில் இறங்கும்போது பிறேக்குகள் சூடேறிச் செயலிழந்தன. கீழே புகையிரதக் கடவையிற் சரக்குப் புகையிரதம் ஒன்று சென்றுகொண்டிருந்தது. லொறியிலிருந்தோர் மயிரிழையில் உயிர்தப்பினர்.

அந்நிகழ்ச்சி கமின்ஸின் மனத்தை விட்டகலவில்லை. லொறியை முன்னே உந்தும் இயந்திரத்தையே அதனைத் தடுக்கும் கருவியாகவும் மாற்ற முடியுமா என்று அவர் சிந்தித்தார். டீசல் இயந்திரத்தின் உருளையில் வளியை அமுக்குவதற்குச் சக்தி செலவாகின்றது. ஆனால் அமுக்கப்பட்ட வளி மறுகணம் விரிந்து அச்சக்தியைத் திருப்பித் தந்துவிடுகின்றது. அமுக்கம் உச்சநிலையை அடையுந் தறுவாயில் வெளியேற்று வால்வைத் திறந்துவிட்டால் அச்சக்தி திரும்பி வராது. அப்போது இயந்திரம் வளியை அமுக்கும் வெறும் பம்பியாகி வாகனத்தைப் பின்னிழுக்கும். தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரே கமின்ஸ் இதனைச் செயற்படுத்தும் வழியைக் கண்டார். எரிபொருளை உட்செலுத்தும் பொறியமைப்பின் அசைவையே வால்வைத் திறக்கப் பயன்படுத்தலாம் என்பதே அவ்வழி. 1961இல் ஜேக்கப்ஸ் நிறுவனம் இச்சாதனத்தை உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. 1965இற் காப்புரிமை வழங்கப்பட்டது.

ஐரோப்பாவில் வேறொரு வழி வளர்ந்தது. காந்தப்புலத்திற் சுழலும் உலோகத் தட்டிற் சுழியோட்டங்கள் தோன்றி அதன் சுழற்சியைத் தடுக்கும் என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி ஃபூக்கோ 1855இற் காட்டியிருந்தார். இத்தத்துவத்தை அடிப்படையாகக் கொண்ட மின்காந்த வேகத்தணிப்பிகள் இருபதாம் நூற்றாண்டிற் பிரான்சில் உருப்பெற்று, பஸ் வண்டிகளிலும் லொறிகளிலும் இடம்பெற்றன.

இச்சாதனங்கள் எண்ணற்ற உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆயின் பின்விளக்கின் வரலாற்றில் இவை ஒரு சிக்கலைத் தோற்றுவித்தன. பிறேக் மிதியைத் தொடாமலே பாரிய லொறியொன்று கணிசமாக வேகந் தணிய முடியும் என்ற நிலை ஏற்பட்டது. சட்டம் இதற்கு அளித்த விடை தயக்கம் நிறைந்தது. அமெரிக்காவின் மோட்டார் வாகனப் பாதுகாப்புத் தரவிதியும், ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் விளக்குகள் பற்றிய 48ஆம் இலக்க ஒழுங்குவிதியும், வேகத்தணிப்புச் சாதனம் இயங்கும்போது நிறுத்த விளக்கு எரியலாம் எனக் கூறின. எரிய வேண்டும் எனக் கூறவில்லை. "வேண்டும்" என்பதற்கும் "லாம்" என்பதற்கும் இடைப்பட்ட தூரத்தில் பின்னே வருபவரின் பாதுகாப்பு உற்பத்தியாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

சான் பிரான்சிஸ்கோப் பரிசோதனை

விளக்கு மிதியைப் பற்றிப் பேசாமல் வேகத்தைப் பற்றியே பேசினால் என்ன என்னும் எண்ணம் 1960களிலும் 1970களிலும் ஆராய்ச்சியாளரிடையே வலுப்பெற்றது. ஆர்முடுகும்போது பச்சை, தானாகத் தளரும்போது மஞ்சள், பிறேக் இயங்கும்போது சிவப்பு என மூன்று நிறங்களைக் காட்டும் பின்விளக்குகள் ஆராயப்பட்டன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ருடோல்ஃப் மோர்ட்டிமர் போன்றோர் பின்விளக்குகளின் நிறம், இடம், துடிப்பு ஆகியவற்றைச் சாரதிகள் எவ்வாறு உணர்கின்றனர் என்று ஆய்ந்தனர்.

இவற்றுள் மிகுந்த கவனத்தை ஈர்த்தது உளவியலாளர் ஜோன் வோவோட்ஸ்கி சான் பிரான்சிஸ்கோ நகரில் நடத்தி 1974இல் வெளியிட்ட ஆய்வாகும். 343 வாடகைக் கார்களின் பின்புற நடுவில் மஞ்சள் விளக்கொன்று பொருத்தப்பட்டது. அமர்முடுகல் மிகுந்தோறும் இவ்விளக்கு விரைவாகத் துடித்தெரியும். மெதுவாகத் தணிவதையும் திடீரென நிற்பதையும் பின்னே வருபவர் வேறுபடுத்தி அறிய அது உதவிற்று. அக்கார்கள் 10 மாதங்களில் 1 கோடியே 23 இலட்சம் மைல் ஓடின. பின்புறமாக மோதும் விபத்துக்கள் 60.6 சதவீதம் குறைந்தன என ஆய்வு காட்டிற்று.

அரசாங்கம் இதனைத் தொடர்ந்து வாஷிங்டன் நகர வாடகைக் கார்களிலும் தொலைபேசி நிறுவனங்களின் வாகனங்களிலும் பரிசோதனைகளை நடத்துவித்தது. அவற்றிற் பயன்படுத்தப்பட்ட நடுவுயர் விளக்கு துடிக்கும் மஞ்சள் விளக்கன்று. பிறேக்கோடு எரியும் சாதாரணச் சிவப்பு விளக்கே. அதுவும் உரிய வகை விபத்துக்களை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைத்ததாக முடிவுகள் வந்தன. 1983இல் விதி இயற்றப்பட்டு, 1985 செப்டெம்பர் முதல் அமெரிக்காவில் விற்கப்படும் புதிய கார்களில் மூன்றாவது விளக்குக் கட்டாயமாயிற்று. வோவோட்ஸ்கியின் விளக்கிலிருந்து அதன் இடம் ஏற்கப்பட்டது. அதன் மொழி கைவிடப்பட்டது.

இக்கைவிடலுக்கு நியாயம் இல்லாமலில்லை. 1998இல் வெளிவந்த அரசாங்க மதிப்பீடு, மூன்றாவது விளக்கின் நிலையான பயன் 4.3 சதவீதமே எனக் காட்டிற்று. சில வாகனங்களில் மட்டும் இருந்தபோது கண்ணைக் கவர்ந்த விளக்கு, எல்லா வாகனங்களிலும் வந்தபின் வழக்கமான காட்சியாயிற்று. புலி வருகின்றது என ஓயாது கூவிய சிறுவனின் கதை இங்கு நினைவுகூரத்தக்கது. காலைச் சற்றே தளர்த்தும்போதெல்லாம் சிவப்பு விளக்கு எரியுமாயின், நெரிசல் மிக்க வீதியில் அது ஓயாது மினுங்கித் தன் பொருளை இழந்துவிடும். ஆதலால் எல்லா வேகத்தணிவையும் அறிவித்தல் வேண்டும் என்னும் வாதமும், பிறேக்கை மட்டுமே அறிவித்தல் போதும் என்னும் வாதமும் தனித்தனியே குறையுடையன. எவ்வளவு வேகத்தணிவை அறிவித்தல் வேண்டும் என்பதே உண்மையான வினா. ஆனால் அவ்வினாவுக்கு விடைகாணும் கட்டாயம் அன்று எழவில்லை. சாதாரணக் காரொன்றில் இயந்திரத் தடையால் விளையும் அமர்முடுகல் பெரும்பாலும் சிறிதாகவே இருந்தமையே காரணம்.

மின் வாகனமும் எண்களிற் பேசும் விதியும்

அக்கட்டாயத்தை ஏற்படுத்தியது மின் வாகனத்தின் மறுமலர்ச்சியாகும். மின்மோட்டாரை மின்பிறப்பாக்கியாக்கினால் அது வாகனத்தின் இயக்கசக்தியை மின்சக்தியாக்கி மின்கலத்துக்குத் திருப்பி அளிக்கும். அதே வேளை வாகனமும் வேகந் தணியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் பாரிஸ் நகரின் மின் வண்டிகளிலேயே இம்முறை கையாளப்பட்டது. 1997இற் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் இதனைப் பொதுமக்களின் வாகனத்துக்குக் கொணர்ந்தது. அதற்குப் பின்வந்த முழு மின் கார்களில் இத்தடை மேலும் வலுப்பெற்றது. 2013இல் வெளியான பிஎம்டபிள்யூ ஐ3 போன்றவற்றில் ஆர்முடுக்கி மிதியிலிருந்து காலை எடுத்தாலே வாகனம் வேகமாகத் தணிந்து நின்றுவிடும். ஒரே மிதியால் வாகனத்தைச் செலுத்துதல் என இது வழங்கலாயிற்று.

இங்கு மிதியும் வேகத்தணிவும் முற்றாகப் பிரிந்துவிட்டன. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் காரொன்று, செக்கனுக்குச் செக்கன் 1.3 மீற்றர் அமர்முடுகலுடன் 5 செக்கன் தணியுமாயின், அதன் வேகம் மணிக்கு 37 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவாகிவிடும். பின்னே வருபவர் அதனை உணராது பழைய வேகத்திலேயே வருவாராயின் இடைவெளியில் ஏறத்தாழ 16 மீற்றர் மறைந்துபோகும். அது பெரிய பஸ் வண்டியொன்றின் நீளத்தைவிட அதிகமாகும். அவ்வளவு நேரமும் பிறேக் மிதி தொடப்படாமலே இருக்கும்.

ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் ஒழுங்குவிதிகள் தொடக்கத்திற் பழைய மரபையே பின்பற்றின. ஆர்முடுக்கியைத் தளர்த்துவதால் விளையும் மின்தடை நிறுத்த விளக்கை எரிக்கலாகாது என்றே அவை கூறின. பின்னர் கார்களின் பிறேக் பற்றிய 13-எச் இலக்க ஒழுங்குவிதி திருத்தப்பட்டது. அமர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 0.7 மீற்றர் வரையாயின் விளக்கு எரியலாகாது, 0.7க்கு மேல் 1.3 வரையாயின் எரியலாம், 1.3ஐ விஞ்சின் எரிய வேண்டும் என மூன்று படிகள் வகுக்கப்பட்டன. சிறு தணிவுக்கு மௌனம், பெருந் தணிவுக்கு எச்சரிக்கை என்னும் இவ்வேற்பாடு புலிக்கதையின் ஆபத்துக்கும் மௌனத்தின் ஆபத்துக்கும் இடையே ஒரு நடுவழியைக் கண்டது. விளக்கு மிதியின் மொழியை விட்டு வேகத்தின் மொழியைப் பேசத் தொடங்கிய தருணம் இதுவெனலாம். 48ஆம் இலக்க ஒழுங்குவிதி அனுமதித்த அவசர நிறுத்தச் சைகையும் இத்திசையிலேயே அமைந்தது. காரொன்று மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திலிருந்து, செக்கனுக்குச் செக்கன் 6 மீற்றரை விஞ்சிய அமர்முடுகலுடன் நிறுத்தப்படும்போது விளக்குகள் துடித்தெரியும். வோவோட்ஸ்கியின் துடிக்கும் விளக்கு இவ்வாறு வேறு உருவில் மீண்டது.

எனினும் பழைய சொல்லின் பிடி எளிதில் நீங்கவில்லை. ஆர்முடுக்கியை "விடுவிக்கும்போது" விளையும் தணிவைப் பற்றியே விதி பேசிற்று. விடுவித்தல் என்பது காலை முற்றாக எடுத்தலா, சற்றே தளர்த்தலா? முற்றாக எடுத்தல் எனப் பொருள்கொண்டு அமைக்கப்பட்ட சில மின் கார்களில், சாரதியின் கால் மிதியின்மேல் இலேசாகத் தங்கியிருக்கும்வரை, வாகனம் ஏறத்தாழ நிற்கும் நிலைக்குத் தணிந்தாலும் விளக்கு எரியவில்லை என்பது 2023இற் பொதுக் கவனத்துக்கு வந்தது. அதன்பின் கணினி நிரல் மாற்றத்தால் இக்குறை சீர்செய்யப்பட்டது. சொல்லின் எழுத்தைப் பேணிய பொறி அதன் நோக்கத்தைத் தவறவிட்டமைக்கு இது தக்க சான்றாகும். அமெரிக்கத் தரவிதியோ "எரியலாம்" என்னும் பழைய நிலையையே கொண்டு இக்காலத்துட் புகுந்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, கைச்சைகை அறிவித்த எண்ணம் மிதியின் அசைவாகச் சுருங்கி, பின்னர் அமர்முடுகலின் அளவாக விரிந்தது என்பதே இவ்விளக்கின் வரலாறு. கருவி முன்னேறிய ஒவ்வொரு படியிலும் செய்தி முன்னேறியதாகக் கொள்ள முடியாது. இடைப்பட்ட நெடுங்காலத்திற் கருவி செம்மையடைய, செய்தி குறுகியே இருந்தது. இரண்டாவதாக, சட்டம் தான் காக்க விரும்பும் பொருளைக் கூறாது, அப்பொருளை அன்று அடையப் பயன்பட்ட பொறியைக் கூறுமாயின், பொறி மாறும்போது சட்டம் வெறுமையாகிவிடும். பின்னே வருபவரின் அறிவைக் காப்பதே நோக்கமென ஆதியில் எழுதப்பட்டிருப்பின், லொறிகளின் வேகத்தணிப்பிகள் வந்த காலத்திலேயே இவ்வினா தீர்க்கப்பட்டிருக்கும்.

மூன்றாவது உண்மை நடைமுறை சார்ந்தது. இலங்கை வீதிகளில் இன்று கலப்பு மின் கார்களும், தாழ்ந்த கியரில் இறங்கும் பழைய லொறிகளும், விளக்கே எரியாது இயந்திரத் தடையால் தணியும் மோட்டார் சைக்கிள்களும், முச்சக்கர வண்டிகளும் ஒரே வரிசையிற் செல்கின்றன. அவற்றின் பின்விளக்குகள் ஒரே நிறத்தினவாயினும் ஒரே மொழியைப் பேசுவனவல்ல. ஆதலால் விளக்கு எரியாமையை வேகம் தணியாமைக்குச் சான்றாகக் கொள்ளும் சாரதி தவறிழைக்கின்றார். முன்னே செல்பவர் பிறேக்கின்றித் தணிக்கும்போது, பின்னே வாகனம் நெருங்கி வருவதைக் கண்டால், மிதியை இலேசாகத் தொட்டு விளக்கை எரியச் செய்வது பழைய கைச்சைகையின் பணியைக் காலாற் செய்வதாகும். பின்னே வருபவர் போதிய இடைவெளி விட்டு, விளக்கை மட்டுமன்றி இடைவெளி சுருங்குவதையும் நோக்கி வருதல் அதற்கு ஈடான கடமையாகும். ஒழுங்குவிதிகள் முழுமை பெறும்வரை மட்டுமன்றி, அதன் பின்னரும் இவ்விரு கடமைகளும் சாரதிகளுக்கு உரியனவாகவே இருக்கும்.